சறுக்குமரம் உங்கள் குழந்தையைத் தொடும்

நகராட்சி மருத்துவமனையின் காயம் கட்டும் அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் நர்ஸுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. ஊருக்கு அவள் தையல் அக்கா. புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் துணியோடு வந்து அளவெடுக்கச் சொன்னதும் உண்டு. தையல் என்றால் பெண் என்றும் ஒரு பொருள் இருப்பதால் பெயர் இரட்டிப்பாகப் பொருந்துகிறது என்பார் டாக்டர். டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் வருவார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் செய்யும் முக்கியமான வேலை இப்படி ஏதாவது சொல்வதுதான். ஊசி பிடிப்பது அக்கா.

நாலு மாதத்தில் பதினொரு குழந்தைகளுக்கு ஒரே மாதிரி காயம் வந்ததை முதலில் கவனித்ததும் அக்காதான். எல்லாம் இடது காலில், பின்பக்கம், கத்தியால் கோடு போட்டதுபோல மூன்று விரற்கடை நீளம். எங்கே விழுந்தாய் என்று கேட்டால் எல்லாக் குழந்தையும் அழுகைக்கு நடுவே ஒரே பதிலைச் சொன்னது. பூங்காவில், சறுக்குமரத்தில்.

அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பூங்காவுக்குப் போய்ப் பார்த்தாள். சறுக்குமரத்தின் மேல் பதித்திருந்த தகடு, அடிப்பக்கம் ஓரத்தில் ஆணி கழன்று, நாக்கை நீட்டியதுபோல மேலே வளைந்து நின்றது. விளிம்பில் காய்ந்த ரத்தம். அக்கா கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். இரண்டு ஆணி அடித்தால் தீர்ந்துபோகிற விஷயம் என்று நினைத்தாள். அதற்குமேல் அவள் எதையும் நினைக்கவில்லை. பின்னால் நடந்ததெல்லாம் அவளாக நினைத்து நடந்ததல்ல.

பூங்கா அலுவலகம் பூங்காவின் வாசலிலேயே இருந்தது. சன்னல் வழியாகச் சறுக்குமரம் தெரியும். கண்காணிப்பாளர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வாய்ப்பேச்சாகச் சொல்லும் புகாரை எடுத்துக்கொள்ள முடியாது என்றும், நகராட்சியின் செயலியில் படத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார். எழுந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதுமே என்று அக்கா சொன்னதற்கு, தான் பார்த்துவிட்டால் அது ஆய்வு ஆகிவிடும், ஆய்வுக்கு ஒரு புகார் எண் வேண்டும் என்றார்.

அக்கா அங்கேயே நின்று செயலியில் படத்தை ஏற்றினாள். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. இளங்கண் காப்புச் சட்டம், பிரிவு ஒன்பதின்படி இந்தப் படம் குழந்தைகளின் மனத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஏற்கப்படவில்லை. சரி, நம் தெருக்காரர்களுக்காவது சொல்வோம் என்று குடியிருப்போர் குழுவில் அதே படத்தைப் போட்டு, கீழே இப்படி எழுதினாள்.

'அம்மாக்களே, எச்சரிக்கை. நம் பூங்காவின் சறுக்குமரம் குழந்தைகளின் காலைக் கிழிக்கிறது. பதினொரு குழந்தைகளுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். தழும்பு வாழ்நாள் முழுக்க இருக்கும். அங்கே அனுப்பாதீர்கள்.'

நாலாவது நிமிடம் அது காணாமல் போனது. ஐந்தாவது நிமிடம் அவளுக்கு அழைப்பாணை வந்தது. நகராட்சியின் வரலாற்றில் எந்தக் காரியமும் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். வேகத்தைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும்.

அழைப்பாணை அனுப்பிய சிறுவர் பார்வைப் பாதுகாப்பு ஆணையம் ஆறு மாடிக் கட்டடம். உள்ளே நுழைய வயதை நிரூபிக்க வேண்டும். வாசலில் ஒரு கருவி முகத்தைப் பார்த்து வயது சொல்லும். அது அக்காவுக்கு முப்பத்து நாலு என்றது. அக்காவுக்கு ஐம்பது. அந்த ஒரு கணம் மட்டும் அவளுக்கு ஆணையத்தின்மேல் கொஞ்சம் நல்லெண்ணம் இருந்தது. பக்கத்தில் வெயிலில் நின்ற காவலாளிக்கு அந்தக் கருவி பதினாறு வயது என்று சொல்லிவிட்டதாம். தாடி வைத்துப் பார்த்தும் பதினேழுக்குமேல் ஏறவில்லையாம். எட்டு மாதமாக அவர் தான் காவல் காக்கும் கட்டடத்துக்குள் போனதில்லை. அவருடைய சம்பளச் சீட்டை யாராவது வெளியே கொண்டுவந்து கொடுப்பார்கள். அதையும் உறையில் போட்டு ஒட்டித்தான் கொடுப்பார்கள், அதில் பெரியவர்களுக்கான விவரங்கள் இருப்பதால்.

மூன்றாம் மாடியில் வகைப்பாட்டு அலுவலர் காத்திருந்தார். இளைஞர், மரியாதையானவர். அக்காவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அவள் எழுதியதைப் பெரிய திரையில் போட்டார். இந்தப் பதிவைத் தடை செய்வது ஆணையத்தின் நோக்கம் இல்லை, அதை வளர்த்தெடுப்பதுதான் நோக்கம் என்றார். பிறகு இருவரும் உட்கார்ந்து அதை வளர்த்தார்கள்.

முதலில் படம். ரத்தம் இருக்கக் கூடாது. அழித்தார்கள். கூர்மையான விளிம்பு பயத்தை உண்டாக்கும். மங்கலாக்கினார்கள். மங்கலான இடம் வெறுமையாக இருந்ததால் அங்கே சிரிக்கும் சூரியன் ஒன்றை வைத்தார்கள். அடுத்து எழுத்து. எச்சரிக்கை என்ற சொல் பதற்றம் தரும் சொற்களின் பட்டியலில் இருந்தது. அறிவிப்பு என்று போடலாம். அக்காவுக்கு அதில் பெரிய குற்றம் எதுவும் தெரியவில்லை. தையல் என்றால் ஊசி, ஊசி என்றால் குழந்தைகளுக்குப் பயம், ஆகவே பதினொரு குழந்தைகள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள் என்று போடலாம். வந்தது உண்மைதானே. தழும்பு என்பதற்குப் பதில் நினைவு. அதுவும் ஒருவிதத்தில் சரிதான்.

கிழிக்கிறது என்ற இடத்தில்தான் அக்கா மறித்தாள்.

"தம்பி, அது கிழிக்குதுப்பா. வேற என்னன்னு சொல்றது?"

"கிழிக்கிறதுக்கு முன்னாடி தொடணும் இல்லையாம்மா? தொடாம எப்படிக் கிழிக்கும்? தொடுதுன்னு போட்டா அதுக்குள்ள எல்லாம் அடங்கிடும்."

அக்கா யோசித்தாள். இரண்டு மணிக்கு அவளுக்கு வேலை. அறைக்கு வெளியே இவளைப் போலவே அழைப்பாணையோடு ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றுமே சொல்லாமல் போவதைவிட அரைகுறையாகவாவது சொல்லலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பொய் இல்லை. சரி என்றாள். கடைசி வரி அப்படியே இருக்கிறது, அது போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மேலிடத்து ஒப்புதலுக்கு அனுப்புகிறோம் என்றார் அலுவலர்.

மேலிடத்தில் இருந்தது ஒரு கணினி. குழந்தைகளிடம் எதிர்மறையாகப் பேசக் கூடாது என்ற கொள்கைப்படி எல்லா வினைச்சொற்களையும் அது உடன்பாடாக மாற்றிவிடும். மறுநாள் காலை, பச்சை நிற அங்கீகார முத்திரையோடு, நகரத்தில் உள்ள எல்லா வீட்டுக் கைப்பேசிகளுக்கும் ஆணையமே இந்த முன்மாதிரிப் பதிவை அனுப்பி வைத்தது.

'அம்மாக்களே, அறிவிப்பு. நம் பூங்காவின் சறுக்குமரம் குழந்தைகளின் காலைத் தொடுகிறது. பதினொரு குழந்தைகள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். நினைவு வாழ்நாள் முழுக்க இருக்கும். அங்கே அனுப்புங்கள். இப்படிக்கு, தையல் அக்கா.'

அதைப் பார்த்தபோது அக்கா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். நுரையைத் துப்பக்கூட மறந்து நின்றாள். குழுவில் மறுப்பு எழுதிப் பார்த்தாள். அங்கீகரிக்கப்பட்ட பதிவுக்கு முரணான தகவல் என்று அது ஏறவில்லை. தெருவில் இரண்டு மூன்று வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னாள். கேட்டவர்கள் கைப்பேசியை எடுத்துக் காட்டி, நீங்களே எழுதியிருக்கிறீர்களே அக்கா என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சறுக்குமரத்துக்கு வரிசை நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்துகூட வந்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் காயம் கட்டும் அறைக்குப் பதின்மூன்று குழந்தைகள் வந்தார்கள். நூல் தீர்ந்துபோய் அறுவை அரங்கிலிருந்து கடன் வாங்க வேண்டியதாயிற்று. பதின்மூன்றாவதாக வந்தது மீன் கண் மாதிரி உருண்டைக் கண்ணோடு ஒரு பெண் குழந்தை. ஏழு வயது. அவளுடைய அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர். அவர் சட்டையைக் கழற்றி அவள் காலில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அக்கா சட்டையைப் பிரித்துப் பார்த்தாள். மற்றக் குழந்தைகளுக்குப் பட்டது சதையில். இவளுக்குக் குதிகாலுக்குமேலே தசைநாரே அறுந்திருந்தது. பாதத்தை அசைத்துக் காட்டு கண்ணு என்றாள். குழந்தை முயன்றது. பாதம் அசையவில்லை.

இது இங்கே தைக்கிற காயம் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்று சொல்லி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கட்டுப் போட்டாள். வெல்டர் சுவரில் சாய்ந்து நின்றார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"எனக்கு ஞாயித்துக்கெழமையும் வேல இருக்கும் அக்கா. நீங்களே சொல்லியிருக்கீங்களேன்னுதான் பட்டறைய மூடிட்டுக் கூட்டிட்டுப் போனேன்."

அவர் திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேட்காத திட்டு இல்லை. ஆம்புலன்ஸ் போனபின் அவள் கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். தொடுது என்று ஒத்துக்கொண்டது தன் வாய்தான் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கணினி மாற்றியது ஒரு சொல்லை. மீதி எல்லாவற்றையும் அவள்தான் உட்கார்ந்து மாற்றினாள்.

மறுநாள் ஆணையத்துக்குப் போனாள். இந்த முறை ஆறாம் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். ஆணையரே பார்க்க விரும்புகிறாராம். அகலமான மேசை, அதன்மேல் ஒன்றுமே இல்லை. சுவர் முழுக்க வரையப்பட்ட குழந்தை முகங்கள். நிசமான குழந்தையின் படம் எதுவும் இல்லை, அதற்கு அனுமதி வாங்குவது கடினம் என்பதால். ஆணையர் எழுந்து வந்து கைகூப்பினார். அந்தப் பதிவு நாலாயிரம் பாராட்டுகளைப் பெற்றிருப்பதாகவும், இந்த ஆண்டின் சிறந்த குழந்தை நேயப் பதிவுக்கான விருதுக்கு அவளுடைய பெயரைப் பரிந்துரைத்திருப்பதாகவும் சொன்னார்.

அக்கா நின்றபடியே சொன்னாள். பதின்மூன்று குழந்தைகள் வந்ததை, நூல் தீர்ந்ததை, அறுந்த நாரை, அசையாத பாதத்தை. ஆணையரின் உதவியாளர் பாதியிலேயே தொண்டையைச் செருமி, இது வயது வந்தோருக்கான பேச்சு என்று நினைவூட்டினார். இங்கே குழந்தை யாரும் இல்லையே என்றாள் அக்கா. இருப்பதாக நினைத்துப் பேசுவதுதான் ஆணையத்தின் கொள்கை என்று பதில் வந்தது.

ஆணையர் கனிவாகத்தான் பேசினார்.

"அம்மா, நீங்க நர்ஸ். உங்களுக்கு உடம்பு மட்டும்தான் தெரியும். ஒரு குழந்தை விழுறது இயற்கை. அத இன்னொரு குழந்தை பாக்குது பாருங்க, அதுதான் ஆபத்து. அந்த ஆபத்துலேருந்து இந்த ஒரு வருஷத்துல நாங்க பதினெட்டு லட்சம் குழந்தைகளக் காப்பாத்தியிருக்கோம். ஒரு குழந்தைக்குக்கூட அது தெரியாது. அதுதான் எங்க வெற்றி."

"சார், அந்தப் பொண்ணுக்குக் காலு."

"அதுலதான் சின்னச் சிக்கல். எங்க சட்டம் கண்ணோட முடிஞ்சிடுது. காலு வேற இலாகா."

அப்படியானால் அந்தப் பதிவையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். ஆணையரின் முகம் முதல்முறையாக மாறியது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"எடுக்கச் சொல்றீங்களா? நாலாயிரம் பேர் பாராட்டின ஒரு கருத்த? மன்னிக்கணும்மா. கருத்துச் சுதந்திரத்துல நாங்க கை வைக்க மாட்டோம்."

அக்கா இறங்கி வந்து நேரே பூங்கா அலுவலகத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். அந்தச் சறுக்குமரத்தைப் பற்றி இன்றுவரை ஒரு புகாரும் பதிவாகவில்லை. நகரத்திலேயே மிகப் பாதுகாப்பான விளையாட்டுச் சாதனம் என்று அது சான்றிதழ் வாங்கியிருக்கிறது. மக்கள் வரவேற்பைப் பார்த்து இதே மாதிரி இன்னும் இரண்டு போட மேலிடம் உத்தரவு போட்டுவிட்டது. சன்னலுக்கு வெளியே அப்போதும் ஒரு குழந்தை ஏறிக்கொண்டிருந்தது. அக்கா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் அதை இடுப்பில் தூக்கி இறக்கினாள். அதன் அம்மா, யார் நீ, என் குழந்தைமேல் ஏன் கை வைக்கிறாய் என்று சண்டைக்கு வந்தாள்.

அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. வெல்டரின் பட்டறைக்குப் போனாள். குழந்தைக்கு அறுவை முடிந்திருந்தது, ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்திருந்தார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கும் பட்டறைக்கும் அலைந்துகொண்டிருந்தார். அக்கா நடந்தது முழுவதையும் சொன்னாள். முதலில் தான் எழுதியது என்ன, பிறகு ஒவ்வொரு சொல்லாக எதை எதுவாக மாற்றிக் கையெழுத்துப் போட்டாள் என்பதை ஒளிக்காமல் சொன்னாள். வெல்டர் கேட்டுக்கொண்டே ஒரு சுத்தியல், ஓர் உளி, இரண்டு திருகுசாவி ஆகியவற்றைப் பையில் போட்டார். ஒரு சோடித் தடித்த கையுறையை அவளிடம் நீட்டினார்.

அப்போது பகல் பதினொன்று. பூங்காவில் வைத்து எல்லார் கண் முன்னாலும் அவர் தகட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். அக்கா தகடு துள்ளாமல் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு ஏழெட்டுத் தாய்மார்கள் கூடினார்கள். சண்டைக்கு வந்தவளும் இருந்தாள். தகடு கழன்று வந்தபோது அதன் விளிம்பை அக்கா அவர்களுக்குத் திருப்பிக் காட்டினாள். அங்கீகாரம் பெறாத காட்சி அது. சூரியன் எதுவும் இல்லை. சண்டைக்காரி தன் குழந்தையின் காலைக் குனிந்து தடவிப் பார்த்தாள்.

திருட்டுப் பொருள் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இருவரும் தகட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூங்கா அலுவலகத்தில் ஒப்படைக்கப் பார்த்தார்கள். அன்றைக்குப் பொருள் பெறும் நாள் இல்லை என்று கண்காணிப்பாளர் சொன்னார். அதனால் அவருடைய சன்னலுக்குக் கீழே சாய்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கண்காணிப்பாளர் அரசுச் சொத்தைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார். தகடு இல்லாத சறுக்குமரத்தின் படத்தையும் சேர்த்தார். அதில் ரத்தமோ கூர்மையோ இல்லாததால் செயலி ஒரே அழுத்தில் ஏற்றுக்கொண்டது. அந்தப் பூங்காவைப் பற்றிப் பதிவான முதல் புகார் அதுதான். அடுத்த வாரம் ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்மாதிரிப் பதிவு வெளியான பிறகு அந்தப் பூங்காவில் காயங்களின் எண்ணிக்கை பூச்சியம் ஆகிவிட்டதாகவும், சொற்களைச் சீர்படுத்தினால் உலகம் தானே சீர்படும் என்பதற்கு இதுவே சான்று என்றும் அதில் ஆணையர் எழுதியிருந்தார்.

விசாரிக்க வந்த ஏட்டு நல்ல மனிதர். காயம் கட்டும் அறையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் கணினிப் பலகையை வைத்துக்கொண்டார். வெல்டர் நேராகக் காவல் நிலையத்துக்கே போய், கழற்றியது நான்தான் என்று சொல்லிவிட்டாராம். அவர் கழற்றினார், ஆனால் கழற்றச் சொன்னது நான், தகட்டைப் பிடித்ததும் நான் என்றாள் அக்கா. அப்படியே வாக்குமூலமாகக் கொடுங்கள் என்றார் ஏட்டு. அக்கா தெளிவாகச் சொன்னாள், அவர் ஒரு விரலால் தட்டினார்.

'அந்தத் தகடு இருபத்து நாலு குழந்தைகளின் காலைக் கிழித்தது. ஒரு குழந்தையின் குதிகால் நாரை அறுத்தது. சொல்லிப் பார்த்தேன். சொல்ல விடவில்லை. ஆகவே கழற்றினோம்.'

ஏட்டு பொத்தானை அழுத்தினார். சிவப்பு எழுத்து வந்தது. பிரிவு ஒன்பது. மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது. வெல்டர் சொன்னதும் இப்படித்தான் ஏறாமல் நிற்கிறதாம். வாக்குமூலம் ஏறினால்தான் வழக்குக்கு எண் விழும், எண் விழுந்தால்தான் அவளைக் குற்றவாளி என்று சொல்ல முடியும். ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இந்தத் தொல்லை அவருக்குப் பழக்கம்தான் போலிருக்கிறது. கொலை வழக்குகளில்கூட இப்போதெல்லாம் இறந்தவர் ஓய்வெடுத்தார் என்றுதான் போட வேண்டியிருக்கிறதாம்.

"அக்கா, கிழிச்சுதுன்றத மட்டும் தொட்டுதுன்னு போட்டுக்கட்டுமா? ஒடனே ஏத்துக்கும்."

அக்கா கையிலிருந்த கிடுக்கியைத் தட்டில் வைத்தாள்.

"ஒரு தடவ மாத்திட்டேன் சார். அந்தப் பொண்ணு இன்னும் கால ஊனல. நீங்க என்ன ஜெயில்ல போடுங்க, பரவாயில்ல. கிழிச்சுதுன்னா கிழிச்சுதுதான். ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன்."

ஏட்டு அவளைப் பார்த்தார். பலகையை மூடினார். திங்கட்கிழமை நிலையத்துக்கு வந்து இன்னொரு தடவை சொல்லுங்கள், ஒருவேளை அன்றைக்கு ஏறலாம் என்றார்.

திங்கட்கிழமையும் ஏறவில்லை. அடுத்த திங்களும் ஏறவில்லை. சட்டப்படி ஒவ்வொரு முறையும் வாக்குமூலத்தை உரக்கப் படித்துக்காட்டிய பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். ஏட்டு படிப்பார். நிலையத்தில் பெஞ்சில் காத்திருப்பவர்கள் கேட்பார்கள். மூன்றாவது வாரம் சண்டைக்காரி, தொலையாத ஒரு சாவியைத் தொலைந்துபோனதாகச் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். நாலாவது வாரம் அவளோடு இன்னும் ஐந்து பேர். அவர்களில் இருவர், புதிதாகச் சறுக்குமரம் போடப்போகிற தெருக்களிலிருந்து வந்தவர்கள். ஆறாவது வாரம் பெஞ்சு போதாமல் படிக்கட்டு வரை நின்றார்கள். கடைசியில் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, ஏட்டு எழுந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கிழித்தது என்ற சொல்லில் கொஞ்சம் நிறுத்திப் படித்தார்.

படித்து முடித்துப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு எழுத்து வந்தது.

"ஏறலக்கா. அடுத்த திங்கள் வாங்க."

"வரேன் சார்," என்றாள் தையல் அக்கா.